உருமாறும் யந்திர மனிதரும் இலச்சினையின் ஸ்தானமும்

ஒரே வடிவத்தில் நிலைத்து நிற்கும் பொருளுக்கு இலச்சினை இடுவது பெரிய காரியமன்று. கொடிக்கு நடுவிலும், நாணயத்துக்கு முகத்திலும், கட்டடத்துக்கு வாயிலின் மேலும் அதற்குரிய இடம் தயாராகவே இருக்கிறது. ஆனால், இந்த நிமிஷத்தில் லொறியாக ஓடி அடுத்த நிமிஷத்தில் இரண்டு கால்களில் நிமிர்ந்து நிற்பதாகவும், நாம் கூரையென்று எண்ணியது மார்பாகவும் சக்கரமென்று எண்ணியது முழங்காலாகவும் புரண்டுபோவதாகவும் உள்ள ஒரு பொருளுக்கு, அது இன்ன படையைச் சேர்ந்தது என்று அறிவிக்கும் குறியை எந்த இடத்தில் வைப்பது என்ற கேள்வி, சிற்பியையும் சித்திரக்காரனையும் யுத்த தர்மம் எழுதிய சட்ட அறிஞனையும் ஒரே வாங்கில் உட்கார வைக்கக்கூடியது. சிறுவர் விளையாட்டுச் சாமானைப் பற்றியது என்பதற்காக இதனைச் சிறிய விஷயமாகக் கொள்ள நான் உடன்படேன். பொத்துவிலிலும் கல்முனையிலும் பெருநாள் காலத்துக் கடைகளில் இந்த யந்திர மனிதர் குவிந்து கிடக்கிறார்கள். நம் பிள்ளைகள் இவர்களைக் கையில் பிடித்துத்தான் ‘நம்மவன், மாற்றான்’ என்னும் பேதத்தின் முதற்பாடத்தைப் படிக்கிறார்கள்.

இவ்வினத்துப் பொம்மைகள் ஜப்பானிலே பிறந்தவை. டகாரா என்னும் நிறுவனம் 1980-இல் தொடங்கிய டயக்ளோன் வரிசையில், மோட்டார் வண்டிகளும் லொறிகளும் விமானங்களும் மடிந்து விரிந்து யந்திர மனிதராயின. அதே நிறுவனத்தின் மைக்ரோ சேஞ்ச் வரிசையிலோ, கைத்துப்பாக்கியும் ஒலிநாடாக் கருவியுமாகிய அன்றாடச் சாமான்கள் அவ்வாறு உருமாறின. டயக்ளோன் பொம்மைக்கு ஆதியில் சொந்த உயிர் கிடையாது. உள்ளே அமர்ந்து அதனைச் செலுத்திய சின்னஞ்சிறு மனித உருவமே வீரன், யந்திரம் அவன் ஏறிய வாகனம். அமெரிக்காவின் ஹஸ்ப்ரோ நிறுவனம் இவ்விரு வரிசைகளின் அச்சுகளையும் பெற்று, 1984-இல் டிரான்ஸ்போமர்ஸ் என்ற பெயரில் வெளியிட்டபோது, மார்வெல் சித்திரக்கதை நிலையத்தைச் சேர்ந்த ஜிம் ஷூட்டர் கதையின் அடிப்படையை வகுத்தார். பொப் புடியான்ஸ்கி பெரும்பாலான பாத்திரங்களுக்குப் பெயரும் சுபாவமும் எழுதினார். வாகனத்துக்குள் இருந்த ஆளை இறக்கிவிட்டு, வாகனத்தையே ஆளாக்கினார்கள்.

இலச்சினை அவசியமானது இந்த இடத்திலேதான். ஒரே குடும்பத்துச் சாயல் இல்லாத பொம்மைகளை, ஒன்று கைக்கு அடங்கும் வண்டியாகவும் ஒன்று துப்பாக்கியாகவும் ஒன்று ஒலிநாடாப் பெட்டியாகவும் இருக்கும் பலசரக்கை, இரண்டு படைகளாகப் பிரித்து நிறுத்த வேண்டியிருந்தது. நிறத்தாலும் பருமனாலும் பிரிக்க இயலவில்லை. உலோகத்தில் ஏற்கெனவே வார்க்கப்பட்ட உருவத்தை மாற்றவும் வழியில்லை. ஒட்டோபொட் என்னும் நற்படைக்குச் சிவப்பு முகமும், டிசெப்டிகொன் என்னும் எதிர்ப்படைக்கு ஊதா முகமும் இலச்சினைகளாக வந்து, பொருந்தாத கூட்டத்தை ஒரு கதைக்குள் பொருத்தி வைத்தன. சிவப்பு முகத்தில் பிரவுல் என்னும் பொலிஸ் வண்டிப் பாத்திரத்தின் சாயலும், ஊதா முகத்தில் சவுண்ட்வேவ் என்னும் ஒலிநாடாப் பாத்திரத்தின் சாயலும் இருப்பதை ரசிகர் பல காலமாகக் காட்டி வந்திருக்கிறார்கள். அரசர்களைப் போலப் புலியையோ மீனையோ வில்லையோ தெரிந்துகொள்ளாமல், தம் இனத்தவரின் முகத்தையே கொடிச்சின்னமாக்கிக்கொண்ட படைகள் இவை. உடல் எத்தனை முறை மடிந்தாலும் மாறாமல் நிற்கும் ஒரே முகம் இலச்சினையிலுள்ள முகமே என்று எண்ணும்போது, அத்தெரிவின் பொருத்தம் விளங்குகிறது.

இனி ஸ்தானத்தைப் பார்ப்போம். ஒட்டோபொட் படைத்தலைவனாகிய ஒப்டிமஸ் பிரைமுக்குச் சின்னம் தோளில் அமைந்தது. லொறியின் முன்கண்ணாடி அவனுக்கு மார்பாகிறது. கைகள் பின்னோக்கி மடிந்து லொறியின் பக்கங்களோடு சேர்கின்றன. இவ்வளவு புரட்டலிலும் தோளின் வெளிமுகம் மட்டும் எந்நிலையிலும் வெளிமுகமாகவே இருக்கிறது. மனிதப் படைவீரனும் தன் பிரிவின் அடையாளத்தைத் தோளில் அணிவதால், லொறிக்கு இயல்பான இடம் வீரனுக்கும் இயல்பாயிற்று. எதிர்ப்படையின் விமானமாகிய ஸ்டார்ஸ்கிரீமுக்குச் சின்னம் சிறகுகளில். போர் விமானத்துக்குச் சிறகில் அடையாளம் இடுவது உலக வழக்கம்; அவன் எழுந்து நிற்கும்போது விமானத்தின் மேற்பரப்பே உடலின் முன்புறமாகத் திரும்பி, வானத்துக்குக் காட்டிய குறியைத் தன் எதிரே நிற்பவனுக்குக் காட்டுகிறது. சவுண்ட்வேவுக்கோ ஒலிநாடா செருகும் கதவின் மேல். பெட்டியாக இருக்கும்போது அது கதவு. யந்திர மனிதனாக நிற்கும்போது நடுமார்பு. அக்கதவு திறந்தால் உள்ளிருந்து நாடாக்கள் பாய்ந்து, பறவையும் விலங்குமான ஒற்றர்களாய் விரிகின்றன. ஒற்றர் புறப்படும் வாசலிலேயே படையின் முத்திரை பதிந்திருப்பதைக் காணும்போது, அக்கலைஞரின் நுண்ணறிவை வியவாமல் இருக்க முடியவில்லை.

இம்மூன்றிலிருந்தும் ஒரு விதி தெளிவாகிறது. உருமாறும் பொருளில் இலச்சினையின் ஸ்தானத்தைத் தீர்மானிப்பது அழகுணர்ச்சியன்று, மூட்டு. இரண்டு வடிவங்களும் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும் பரப்பு எதுவோ, மடிப்புக்குள் புகாமலும் உட்புறம் திரும்பாமலும் தப்பி நிற்கும் பரப்பு எதுவோ, அதுவே இலச்சினைக்குரிய இடம். அந்தப் பரப்பைக் கண்டுபிடிப்பதற்கு, பொம்மையை நூறு முறை மடித்து விரித்துப் பழகிய கை வேண்டும். 1982-இல் வெளிவந்த மக்ரோஸ் என்னும் ஜப்பானியத் தொடரில், ஷோஜி கவமோரி வரைந்த வால்கிரி விமானத்தின் செங்குத்து வாலில் மண்டையோட்டுச் சின்னம் கம்பீரமாக இருக்கிறது. விமானம் மனித வடிவம் எடுத்தவுடன் வால் முதுகுப்புறம் மடிந்து, சின்னம் எதிரிலிருப்பவன் பார்வைக்கு மறைந்துபோகிறது. விமானமாக அது பேரழகு. மாறும் பொருளின் இலச்சினையாக அது பாதி வேலைதான் செய்கிறது.

விதியை மீறினால் நேர்வது என்ன என்பதைக் கடந்த பெருநாளுக்கு வாங்கிவந்த ஒரு பொம்மையில் கண்டேன். எந்தத் தொழிற்சாலையில் எவர் செய்தது என்று பெட்டியில் எழுத்தில்லாத, அசலைப் பார்த்து வார்த்த நகல் அது. சிவப்பு லொறி, சின்னத்தை நடு முன்புறத்தில், இரண்டு பலகைகள் கூடும் கோட்டின் மேலேயே ஒட்டியிருந்தார்கள். லொறியாக இருக்கும்வரை முகம் முழுமையாகத் தெரிந்தது. மகளின் மகன் அதனை மனிதனாக்க இழுத்தபோது, பலகைகள் இடமும் வலமுமாகப் பிரிந்து, ஸ்டிக்கர் நெற்றியிலிருந்து தாடை வரை கிழிந்து, ஒரு கண் ஒரு காலிலும் மறு கண் மறு காலிலுமாக நின்றது. “மூத்தப்பா, இவன்ட முகம் பிளந்து பெய்த்து, இனி இவன் ஆர்ட ஆள்?” என்று கேட்டான். ஆறு வயதுப் பிள்ளையின் அக்கேள்வியில் இந்தக் கட்டுரையின் பொருள் முழுவதும் அடங்கியிருக்கிறது. லொறியின் வேலை அப்பொம்மைக்குக் குறையவில்லை, யந்திர மனிதனின் வேலையும் குறையவில்லை. ஆனால் ஒன்றே மற்றதாகி நிற்கிறது என்ற உறுதி குறைந்துவிட்டது.

மூட்டின் மேல் முத்திரை இடுவது எப்போதும் பிழையென்றும் சொல்வதற்கில்லை. சோழர் செப்பேடுகளில், ஏடுகளைக் கோத்த வளையத்தின் இரு முனைகளும் கூடும் இடத்திலேயே அரச முத்திரை வார்த்து இறுக்கப்பட்டது. இருபத்தோர் ஏடுகள் கொண்ட ஆனைமங்கலச் செப்பேட்டுத் தொகுதியில் அதனைக் காணலாம். அங்கே மூட்டு பிரியக் கூடாது என்பதுதான் நோக்கம். பிரித்தவன் முத்திரையை உடைத்தே தீர வேண்டும், உடைந்த முத்திரை களவைக் காட்டிக்கொடுக்கும். பிரியக் கூடாத பொருளுக்கு மூட்டிலும், பிரிந்து மாற வேண்டிய பொருளுக்கு மூட்டை விலக்கியும் இடுவதே முறை.

நம் கரையில் இக்கலை அறியப்படாததன்று. மட்டக்களப்புப் பிரதேசத்தின் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழியாக வரும் குடிகளாகப் பிரிந்திருந்தார்கள். பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்கொரு மரைக்காயர் இருந்த வழக்கத்தைப் பெரியவர்கள் இன்றும் நினைவுகூருவார்கள். அக்குடிகளுக்குரிய குறிகளை மாடுகளுக்குச் சுடும் பழக்கமும் இருந்தது. வயலில் வேளாண்மை நிற்கும் மாதங்களில் மாடுகள் காட்டோரப் புல்வெளிகளுக்குச் சாய்க்கப்பட்டு, பல பட்டிகள் ஒன்றாகக் கலந்து மேயும். அறுவடைக்குப் பின் திரும்பி வரும்போது, எது எவருடையது என்பதைக் குறியே சொல்ல வேண்டும். குறி சுடுகிறவன் தன்முன் நிற்கும் கன்றை மட்டும் எண்ணிச் சூடு வைப்பதில்லை. அது வளர்ந்து பருக்கும், தோல் விரியும், கன்றின் மேல் நெருங்கி நின்ற கோடுகள் காளையின் மேல் அகன்று நிற்கும். அந்த மாற்றத்துக்குப் பின்னும் வாசிக்கத்தக்கதாய், மந்தைக்குள் நெருங்கி நிற்கும்போதும் பார்வையில் படுவதாய், உழைப்புக்கு ஊறு செய்யாததாய் உள்ள இடத்தை அவன் தெரிந்துகொண்டான். 1958-ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டம் இக்குறிகளை அரசாங்கப் பதிவுக்குள் கொண்டுவந்தது. இருக்கும் உருவத்துக்கு மட்டுமன்றி வரப்போகும் உருவத்துக்கும் சேர்த்தே குறியின் இடத்தைத் தெரிகிற அறிவு, நம் பட்டிக்காரனுக்கும் டோக்கியோ நகரத்துப் பொம்மைச் சிற்பிக்கும் பொதுவானது என்பதைப் பெருமையுடன் சொல்லலாம்.

இவ்வளவு சொன்னபின் ஒரு வலிய ஆட்சேபம் எழுகிறது. இந்த யந்திர மனிதர் உருமாறுவது எதற்காக? பகைவன் கண்ணில் படாமல், தெருவில் நிற்கும் சாதாரண வண்டியென்று எண்ணப்படுவதற்காக. வேஷம் போடுகிறவன் தன் படையின் முத்திரையை நெற்றியில் ஒட்டிக்கொண்டு வந்தால் அந்த வேஷத்துக்கு அர்த்தம் என்ன? வண்டி வடிவிலும் தெரியும்படி சின்னம் இட்ட கலைஞர் கதையின் ஆதாரத்தையே கெடுத்துவிட்டார் அல்லவா? நான் இந்த ஆட்சேபத்தை மதிக்கிறேன். ஆனால் இதற்கு விடை பொம்மைக் கடையில் இல்லை, கடலில் இருக்கிறது.

1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் தேதி இரவில் சென்னையின் எண்ணெய்த் தாங்கிகளைக் குண்டு வீசி எரித்து, பின் இலங்கையைச் சுற்றிய கடல்வழிகளில் வணிகக் கப்பல்களைப் பிடித்து அலைக்கழித்த எம்டன் என்னும் ஜெர்மானியக் கப்பலை நம்மவர் மறக்கவில்லை. அக்கப்பலுக்கு உண்மையில் புகைபோக்கிகள் மூன்று. பொய்யான நான்காவதொன்றைக் கட்டி நிறுத்தினால், தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு அது பிரித்தானியக் கப்பலாகிய யார்மவுத் போலத் தோன்றும். அந்த வேஷத்தோடேயே அக்டோபர் 28-ஆம் தேதி விடியற்காலையில் பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்து, ரஷ்யக் கப்பலாகிய செம்சுக்கை மூழ்கடித்தது. ஆயினும் சுடுவதற்கு முன்னால் எம்டன் தன் சொந்த ஜெர்மானியக் கொடியை ஏற்றிவிட்டது. உருவத்தில் ஏமாற்றலாம், கொடியில் ஏமாற்றிக்கொண்டு அடிக்கக் கூடாது என்பது கடற்போரின் பழைய தர்மம். 1977-இல் ஜெனீவா உடன்படிக்கைகளோடு சேர்க்கப்பட்ட முதலாம் மேலதிக உடன்பாட்டின் 39-ஆம் உறுப்புரையும், எதிரியின் கொடியையும் சின்னத்தையும் சீருடையையும் அணிந்து தாக்குதல் நடத்துவதைத் தடுக்கிறது. கடற்போரின் பழைய வழக்கங்களை அது தொடாமல் விட்டிருக்கிறது. வேஷம் யுக்தியாகும், பொய்ச்சின்னம் துரோகமாகும். லொறி வடிவில் நின்றாலும் தோளில் சிவப்பு முகத்தை மறைக்காத ஒப்டிமஸ் பிரைம் அந்தத் தர்மத்துக்குள் நிற்கிறான். கதைக்குப் பலவீனமாகத் தோன்றிய ஸ்தானம், பாத்திரத்துக்குப் பெருமையாகிறது.

சின்னம் எங்கே இருக்கிறது என்பதே அதன் பொருளை மாற்றிவிடும் என்பதற்கு, நமக்கு மிக அருகில் இன்னொரு சாட்சியமும் உண்டு. 2004 டிசம்பர் 26-இன் கடல் பெருக்குக்குப் பின்னர் இக்கரைக்கு வந்த வாகனங்களில் செஞ்சிலுவையையும் செம்பிறையையும் பார்த்துப் பழகினோம். 1876-இல் துருக்கி சாம்ராஜ்யம் போர்க்களத்தில் எடுத்துக்கொண்டு, 1929-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் முறையாக ஏற்கப்பட்ட செம்பிறையும் சிலுவையும் சட்டத்தில் சமமானவை. இச்சின்னங்களுக்கு இரண்டு உபயோகங்கள் உண்டு: போர்க்காலத்தில் நோயாளரையும் வைத்தியரையும் காப்பது ஒன்று, இன்ன சங்கத்தைச் சேர்ந்தது என்று வெறுமே அறிவிப்பது மற்றது. அறிவிப்பதற்காக மட்டும் இடும்போது, சின்னம் சிறியதாக இருக்க வேண்டும். கைப்பட்டியிலும் கட்டடக் கூரையிலும் அது இடம்பெறவே கூடாது என்று 1949-ஆம் ஆண்டின் முதலாம் ஜெனீவா உடன்படிக்கை விதிக்கிறது. அதே பிறைதான், கூரைக்கு ஏறினால் மேலே பறக்கும் விமானியை நோக்கி ‘குண்டு போடாதே’ என்று கட்டளையிடுகிறது, கதவின் ஓரத்தில் இருந்தால் உரிமையாளன் பெயரைச் சொல்லி அமைகிறது. ஸ்தானத்தைச் சட்டமாக்கி எழுதுமளவுக்கு உலகம் அதனை மதித்திருக்கிறது.

இவ்விஷயத்தின் கடுமையைக் கிழக்குக் கடல் நேரிலும் கண்டது. 1942 ஏப்ரல் 9-ஆம் தேதி, சிறகில் செவ்வட்டம் தாங்கிய ஜப்பானிய விமானங்கள் ஹெர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்தன. பிரித்தானிய விமானங்களின் வட்டச்சின்னத்திலும் நடுவில் சிவப்பு இருந்தது. அவசரத்தில் தம்மவரையே சுட்டுவிடும் அபாயம் கருதி, தென்கிழக்காசியக் களத்தில் அச்சிவப்பை நீக்கி, கடும் நீலமும் இளநீலமுமாக வட்டத்தைத் திருத்தினார்கள். அமெரிக்கரோ 1941 முதல் தம் நட்சத்திரத்தை இரு சிறகிலும் ஒத்த இடத்தில் வைக்காமல், இடச்சிறகின் மேலும் வலச்சிறகின் கீழுமாக மாற்றி வைத்தார்கள். ஸ்டார்ஸ்கிரீமின் சிறகில் ஊதா முகத்தை ஒட்டும் பிள்ளை, இத்தகைய உயிர்ப்பிரச்சினை ஒன்றின் எஞ்சிய நிழலைத்தான் கையில் வைத்திருக்கிறது.

பொம்மைக் கலைஞர் சின்னத்தை மறைக்கும் வித்தையையும் பின்னர் பழகினார்கள். 1985-ஆம் ஆண்டு முதல், விரலால் தேய்த்துச் சூடேற்றினால் மட்டும் முகம் வெளிப்படும் சிறிய சதுரங்கள் பொம்மைகளில் ஒட்டப்பட்டன. எப்படைக்குரியது என்பது தேய்ப்பவனுக்கு மட்டுமே தெரியும், நகற்பொம்மையைக் கண்டுபிடிக்கவும் அது உதவிற்று. 1987-இல் வந்த ஒரு பாத்திரம் இன்னும் துணிச்சலானது. ஒரு வண்டி, அது ஒருவாறு மடிந்தால் பஞ்ச் என்னும் ஒட்டோபொட், வேறுவாறு மடிந்தால் கவுண்டர்பஞ்ச் என்னும் டிசெப்டிகொன். உண்மையில் அவன் நற்படையின் ஒற்றன். இரண்டு முகங்களுக்கும் இரண்டு சின்னங்கள், ஒன்று வெளிப்படும்போது மற்றது உள்ளே போக வேண்டும். நான் மேலே சொன்ன விதியை முழுதுமாகத் தலைகீழாக்கி, மறையும் பரப்பைத் தேடித் தேடிச் சின்னம் இட்ட பொம்மை அது. விதியைத் தெரிந்தவனே அதனை இத்தனை சுத்தமாக மீற முடியும்.

தொலைக்காட்சிச் சித்திரங்களில் இந்தக் கவனம் எப்போதும் காணப்படவில்லை. அவசரத்தில் வரையப்பட்ட காட்சிகளில் சின்னம் இல்லாமற் போவதும், ஒருவன் மார்பில் எதிரியின் சின்னம் ஏறிவிடுவதும் உண்டு. ஓவியத்தில் மூட்டு கையைத் தடுப்பதில்லை, ஆகவே பிழைக்கு இடமும் அதிகம். அதே 1985-இல் வந்த ஜெட்ஃபயர் பொம்மையோ வேறு விதமான சங்கடத்தில் அகப்பட்டது. அதன் அச்சு மக்ரோஸ் வால்கிரிக்கு உரியதாகையால், முதலில் விற்ற பொம்மைகள் சிலவற்றில் அத்தொடரின் படைச்சின்னமே இருந்தது. ஒரு கதையின் வீரன் வேறொரு கதையின் கொடியோடு கடைக்கு வந்தான். வேஷத்துக்கும் சின்னத்துக்கும் இடையிலான பழைய சிக்கலை 2007-இல் வெளிவந்த டிரான்ஸ்போமர்ஸ் திரைப்படம் சாமர்த்தியமாகத் தீர்த்தது: பம்பிள்பீ என்னும் மஞ்சள் வண்டிக்குச் சின்னத்தைச் சுக்கானின் நடுவில் வைத்தார்கள். தெருவில் போகிறவனுக்குத் தெரியாது. உள்ளே ஏறி அமர்ந்து நம்பிக்கைக்குரியவனான பின்புதான் தெரியும். பரிகேட் என்னும் எதிர்ப்படை வண்டியோ பொலிஸ் வேஷத்தில் வந்து, காப்பதும் சேவிப்பதும் எங்கள் பணி என்னும் பொலிஸ் வாசகத்துக்குப் பதிலாகத் தண்டிப்பதும் அடிமையாக்குவதும் எம் பணி என்று பக்கவாட்டில் எழுதிக்கொண்டு ஓடியது. இவ்விரண்டிலும் நான் சுக்கானுக்கே முதலிடம் தருவேன்; வேஷத்தையும் கெடுக்காமல் விசுவாசத்தையும் மறைக்காமல் நிற்கும் இடம் அது ஒன்றுதான்.

பெற்றோருக்கும் கடைக்காரருக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. 1984-இல் வந்த பொம்மைகளில் சின்னங்கள் பெரும்பாலும் ஒட்டப்படாமல், தனித்தாளாகப் பெட்டிக்குள் இருந்தன. இலக்கமிட்ட படத்தைப் பார்த்துப் பிள்ளையே அவற்றை உரித்து ஒட்டியது. இக்காலத்து அசற்பொம்மைகளில் சின்னம் பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே அச்சாகி வந்துவிடுகிறது. நம் கடைகளுக்கு வரும் பொம்மைகளில் இன்னும் ஒட்டுத்தாள் வருமானால், பொம்மை அழகாகத் தெரியட்டும் என்று விற்பவரோ வாங்குபவரோ முந்திக்கொண்டு ஒட்டிவிட வேண்டாம். தாளைப் பிள்ளையிடம் கொடுங்கள். முதலில் பொம்மையைப் பல முறை மடித்து விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தப் பரப்பு இரண்டு வடிவத்திலும் வெளியே நிற்கிறது என்று அதுவே கண்டுபிடித்து, பிறகு ஒட்டட்டும்.